வலிக்கும் என்று சொன்னவர்

அந்த ஆயாவை நான் முதன்முதலாகச் சரியாகக் கவனித்தது, ஒருவனுடைய முன்பற்கள் இரண்டை அவர் உடைத்த அன்றுதான்.

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி அப்போது ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். அறுபதுகளின் நடுவில், படிப்பு முடிந்த கையோடு அங்கே பெண்கள் வார்டில் டூட்டி டாக்டராகச் சேர்ந்திருந்தேன். அப்பா கிழக்குத் தாம்பரத்தில் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற நாளெல்லாம் புத்தகம் என்று வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்திப் பேசிக்கூடக் கேட்டதில்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். மூன்றாவதும் பெண்ணாகப் பெற்றிருந்த ஒருத்தியின் புருஷன் வார்டுக்குள் வந்தான். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேரே கட்டிலுக்குப் போய் அவள் முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் போட்டான். அவளுக்குத் தையல் போட்டு ஒரு நாள்கூட ஆகவில்லை. நர்ஸ்கள் கலைந்து ஓடினார்கள். நானும் இரண்டடி பின்னால்தான் போனேன். அடுத்த கட்டிலுக்கடியில் குனிந்து பெட்பேன் எடுத்துக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்து, கையில் இருந்த அந்த எனாமல் பாத்திரத்தாலேயே அவன் வாயில் அடித்தார். அவன் திரும்பி அவர் கழுத்தை நெரித்தான். ஆயா இன்னொரு முறை அடித்தார். தரையெல்லாம் ரத்தமும் மற்றதும்.

ஹெட் கான்ஸ்டபிள் வந்தபோது, தரை ஈரமாக இருந்தது, வழுக்கி விழுந்துவிட்டான் என்று மேட்ரன் சொல்லிவைத்திருந்தார். அவரும் அப்படியே எழுதிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். வழக்கத்துக்காக ஆயாவையும் ஒரு வார்த்தை கேட்டார்.

"வயுக்கி எல்லாம் வுயல சார். நான்தான் அடிச்சேன். ரெண்டு வாட்டி. மொத வாட்டி அந்தப் பொண்ணைத் தள்ளுனதுக்கு. ரெண்டாவது என் கயுத்தைப் புடிச்சதுக்கு."

ஆயாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் இரண்டு நாள் கழித்துத்தான் விட்டார்கள். வந்ததும் வராததுமாகத் துடைப்பத்தை எடுத்தார். ஏன் அப்படிச் சொன்னாய் என்று மேட்ரன் கோபப்பட்டதற்கு, கேட்டாங்கோ சொன்னேன் என்றார். அவ்வளவுதான் அவருடைய விளக்கம்.

இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு எல்லோருக்கும் அவர் 'வா, போ'தான். என்னைவிட இருபது வயதாவது பெரியவர். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பள்ளிக்கரணைப் பக்கம் வீடு. ஓங்கிய உடம்பு, பஸ் கண்டக்டர் மாதிரி குரல், இடது புருவத்தில் பிளந்து சேர்ந்த தழும்பு. அது எப்படி வந்தது என்று யாராவது கேட்டால், புருஷன் கட்டையால அடிச்சான் என்பார். அவன் இப்போது எங்கே என்றால், குடிச்சிச் செத்தான் என்பார். கேட்டவர்கள்தான் சங்கடப்பட்டுப் போவார்கள். அவர் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்.

பிரசவ வார்டில் அடிப்பது எந்தப் பாடத்திலும் கிடையாது. ஆனால் நாங்கள் எல்லோருமே கற்றுக்கொண்டிருந்தோம். வலியில் காலை மடக்குகிறவளின் தொடையில் ஓர் அறை. கத்தினால் ஒரு வசவு. சேர்ந்த மூன்றாவது மாதத்திலேயே என் கையும் தானாக எழ ஆரம்பித்திருந்தது. அதை நான் அடி என்று நினைக்கவேயில்லை, வேலையின் ஒரு பகுதி என்றே நினைத்தேன்.

மார்பில் சீழ்க்கட்டியோடு ஓர் இளம் தாய் வந்தாள். அதைக் கீறிவிட வேண்டும். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று சொல்லிக் கத்தியை வைத்தேன். அவள் உதைத்த உதையில் நான் ட்ரேயோடு போய்ச் சுவரில் மோதினேன். எழுந்து வந்து அவள் கன்னத்தில் அறைந்தேன். இரண்டாவது முறை ஓங்கிய கைக்கும் அவளுக்கும் நடுவில் ஆயா வந்து நின்றார். என் பக்கம் திரும்பாமல் அந்தப் பெண்ணிடம் பேசினார்.

"தா, இங்க பாரு. டாக்டரம்மா பொய் சொல்ட்டாங்கோ. எறும்பு இல்ல, தேளு. தேளு கொட்டுற மாதிரி இருக்கும்னு நெனச்சிக்கோ. நான் பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும். கத்து. ஆனா ஆடாத."

அவள் கட்டிடமே அதிரக் கத்தினாள். ஆனால் ஆடவில்லை. ஆயா எட்டு எண்ணும்போது வேலை முடிந்துவிட்டது. நோயாளிக்கு முன்னால் என்னைப் பொய்க்காரி என்று சொன்னதற்காக நான் மேட்ரனிடம் புகார் சொன்னேன். ஆயாவை ஒரு மாதம் கழிவறைப் பக்கம் போட்டார்கள். அவர் என்னிடம் முகம் சுளிக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் வணக்கம் சொன்னார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பல வருஷம் கழித்து, எழுபதுகளில், குரோம்பேட்டையில் நான் சொந்தமாக கிளினிக் வைத்தபோது அதே ஆயா அங்கே என்னோடு இருந்தார். என் அறையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொருவரையும் வாசலில் நிறுத்தி, டாக்டரம்மா இன்னா சொன்னாங்கோ சொல்லு என்று கேட்பார். சொல்லத் தெரியவில்லை என்றால் கையைப் பிடித்துத் திரும்ப என் முன்னால் கொண்டுவந்து உட்காரவைப்பார். தப்பு அவர்களுடையது இல்லை, என்னுடையது என்கிற மாதிரி என்னைப் பார்ப்பார். பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். வெட்கமாக இருந்தது. பிறகு மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டேன்.

ஒருமுறை திரிசூலம் கல் குவாரியிலிருந்து ஒருவர் வந்தார். பாறை விழுந்து நசுங்கிய பாதம், கருத்து நாற்றமெடுத்துவிட்டது. கால் போய்விடும் என்று அவரிடமே சொன்னேன். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எடுத்து வீசினார். ஜன்னல் கண்ணாடி நொறுங்கி ஒரு துண்டு என் காதைக் கிழித்தது. பிறகு என் புடவைத் தலைப்பைப் பிடித்துக் கழுத்தோடு சுற்றினார். ஆயா வந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, அங்கேயே இருங்கோ, இப்போ கேப்பாரு என்று என்னிடம் சொன்னார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். பிறகு, எந்த இடத்தில் வெட்டுவார்கள் என்று கேட்டார்.

ஆயா ஆஸ்பத்திரியை விட்டு என் கிளினிக்குக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் சரோஜா.

சரோஜாவுக்கு இருபத்திரண்டு வயது. புருஷன் ஒரு தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தான். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு சனிக்கிழமை மதியம் அவளை ஜமுக்காளத்தில் சுருட்டிக் குதிரை வண்டியில் கொண்டுவந்து போட்டார்கள். உடம்பில் முக்கால் பாகம் வெந்திருந்தது. ஜமுக்காளத்தைப் பிரித்தபோது தோலும் அதோடு வந்தது. முகம் மட்டும் தப்பித்திருந்தது. ஆழமாக வெந்த இடத்தில் வலி தெரியாது. அதனால் இப்படி வருகிறவர்கள் முதல் ஒரு நாள் தெளிவாகப் பேசுவார்கள், தண்ணீர் கேட்பார்கள், பிழைத்துவிட்டோம் என்று நினைப்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். நல்லாயிடுமா டாக்டர் என்று கேட்டாள். பயப்படாதே, பத்து நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றேன். இரண்டு நாள் தாண்டாது என்று எனக்குத் தெரியும்.

போலீஸ் வந்து கேட்டபோது ஸ்டவ் வெடித்துவிட்டது என்று சொன்னாள். புருஷனும் மாமியாரும் வராந்தாவில் அழுதுகொண்டிருந்தார்கள். நானும் கேஸ் ஷீட்டில் ஸ்டவ் விபத்து என்றே எழுதினேன்.

மறுநாள் காலை ஆயா வந்து, அந்தப் பொண்ணுகிட்ட ஏன் பொய் சொன்னீங்கோ என்று கேட்டார். சாகப்போகிறவளுக்கு ஆறுதல் சொன்னேன் என்றேன். அவளுடைய தலைமுடி அப்படியே இருந்தது, புடவை மட்டும் எரிந்திருந்தது, உடம்பெல்லாம் கிரசின் நாற்றம், ஸ்டவ் வெடித்தால் முகம்தானே முதலில் போகும் என்றார். எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை நான் எடுத்துப் பார்க்கவில்லை.

"பொயச்சி வூட்டுக்குப் போவோம்னு நெனச்சிக்கினு கீது அது. அவன்கூடத்தான வாயணும்னு அவனைக் காப்பாத்துது. கொயந்தய யார் பாப்பாங்கோ? சொல்லிட்டா அதுக்கு இன்னா வேணுமோ அது பண்ணிக்கும். நீங்கோ சொல்றீங்கோளா, நான் சொல்லட்டா?"

நான் கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். ஆயா போய்த் திரையை இழுத்து மூடினார். உள்ளேயிருந்து ஐந்து நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு ஒரு கத்தல் கேட்டது. அதுவரை வார்டில் எத்தனையோ கத்தல் கேட்டிருக்கிறேன். அது வலியால் வந்ததில்லை. பக்கத்துக் கட்டில் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நான் மருந்தறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நெடுநேரம் கழித்து ஆயா கதவைத் தட்டினார். அவர் முன்கையில் நகக் கீறல்கள், ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மேஜிஸ்திரேட்டைக் கூப்பிடச் சொல்கிறாள் என்றார்.

மேஜிஸ்திரேட் வந்து எழுதிக்கொண்டார். தெளிவாக இருக்கிறாள் என்று நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததால் பக்கத்திலேயே நின்றேன். கிரசினை ஊற்றியது புருஷன், அவள் வெளியே ஓடப் பார்த்தபோது கதவை வெளியிலிருந்து பிடித்துக்கொண்டது மாமியார், குழந்தை அந்த அறையின் மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது என்று சொன்னாள். கேளம்பாக்கத்தில் உப்பளத்தில் வேலை செய்யும் தன் அக்காவிடம் குழந்தையைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னாள். திங்கட்கிழமை மதியம் இறந்துபோனாள். அதுவரை ஆயா வீட்டுக்குப் போகவில்லை.

வழக்கு நடப்பதற்கு முன்னால் ஒரு சாயங்காலம், ரயில்வே கேட் பக்கத்தில், புருஷனின் தம்பி ஆயாவை சைக்கிள் செயினால் அடித்தான். மண்டை பிளந்தது. கீழே விழுந்தவரை மிதித்து, கோர்ட்டுக்கு வந்தால் கொளுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நான்தான் தையல் போட்டேன். கோர்ட்டுக்குப் போகாதே ஆயா என்று சொன்னேன்.

செங்கல்பட்டு கோர்ட்டில் அவர் எனக்கு முன்னால் சாட்சி சொன்னார். நீ சாகப்போகிறாய் என்று அவளிடம் சொன்னேன், வேறு எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றார். டாக்டர் அவளைப் பிழைப்பாய் என்று நம்பவைத்திருந்தார், அதனால்தான் அவள் முதலில் புருஷனைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றும் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். அதற்கு முதல் நாளே சூப்பரின்டென்டெண்ட் என்னைக் கூப்பிட்டு, நோயாளியிடம் டாக்டர் பொய் சொன்னார் என்று கோர்ட்டில் பதிவானால் ஆஸ்பத்திரி மானமும் போகும், உன் எதிர்காலமும் போகும் என்று சொல்லியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: அவள் பிழைத்துவிடுவாள் என்று நீங்கள் அவளிடம் சொன்னீர்களா?

"இல்லை" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு வக்கீல் ஆயாவைக் கிழித்தார். அப்படியென்றால் ஆயா பொய் சொல்கிறாள். புருஷன்மார்களைக் கண்டாலே அடிக்கிற, ஏற்கெனவே போலீஸ் ஸ்டேஷன் வரை போன பொம்பளை. சாகக் கிடந்த பெண்ணை மிரட்டி வாக்குமூலத்தை மாற்றவைத்திருக்கிறாள். கூண்டில் நின்ற புருஷன் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினான்.

மதிய இடைவேளையில் கோர்ட் வராந்தாவில் ஆயா என்னை நோக்கி வந்தார். ஏதோ கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அறைந்தார். என் மூக்குக் கண்ணாடி தெறித்துப் படியில் விழுந்து உடைந்தது. உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தக் கரிப்பு. வக்கீல்களும் கட்சிக்காரர்களுமாக இருபது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அந்தப் பொண்ணு வெந்த ஒடம்போட உண்மையச் சொல்லிச்சே. உனுக்கு இன்னா வெந்துச்சி?"

அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னை ஒருமையில் பேசியதில்லை.

கண்ணாடி இல்லாமல் மங்கலாகத் தெரிந்த அந்த வராந்தாவில் தடவித் தடவி நடந்துபோய் சர்க்கார் வக்கீலைக் கண்டுபிடித்தேன். மறுபடி சாட்சி சொல்ல வேண்டும் என்றேன். அவர் ஜட்ஜிடம் கேட்டு அனுமதி வாங்கினார். வீங்கிய உதட்டோடு கூண்டில் ஏறி, காலையில் சொன்னது பொய், அவளிடம் பத்து நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று ஜட்ஜ் கேட்டார். அவள் முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை என்றேன். யாராவது அடித்து மிரட்டினார்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். அடித்தார்கள், மிரட்டவில்லை என்றேன்.

புருஷனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மாமியாருக்கு அதைவிடக் குறைவு.

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் அறைந்த செய்தி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் சூப்பரின்டென்டெண்ட் இருவரையும் கூப்பிட்டார். நான் முந்திக்கொண்டு, கூட்டத்தில் ஆயாவின் கை தெரியாமல் பட்டுவிட்டது என்றேன். அவரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய். ஆயா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அடிச்சேன் சார். பொய் சொன்னாங்கோ, அடிச்சேன். அப்பால உண்மைய சொல்ட்டாங்கோ. அதையும் எய்திக்கோங்கோ."

அன்று மதியமே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள்.

நானும் ஒரு வருஷத்தில் அங்கிருந்து விலகினேன். கிளினிக் ஆரம்பித்தபோது அவரைத் தேடிக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் போனேன். சதுப்பில் முழங்கால் தண்ணீரில் நின்று கோரை அறுத்துக்கொண்டிருந்தார். கை முழுக்க வெட்டுக் காயங்கள். என்னோடு வர முடியுமா ஆயா, நீங்கள் வேண்டும் என்றேன். எதுக்கு, செஞ்ச பாவத்துக்கா, இல்ல வேலைக்கா என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். அரிவாளைக் கழுவிக்கொண்டு கரையேறினார்.

அப்படி அவர் கிளினிக்கில் இருந்த ஒரு மதியம், கேளம்பாக்கத்திலிருந்து சரோஜாவின் அக்கா வந்தாள். கூடவே சரோஜாவின் பெண், இப்போது பத்து வயது, உள்ளங்கையில் சுற்றிய துணி முழுக்க ரத்தம். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியை உடைந்த பாட்டிலால் குத்தப் போய்த் தன் கையையே கிழித்துக்கொண்டிருந்தாள். உங்கப்பன் உங்கம்மாவைக் கொளுத்தினவன் என்று அந்த இன்னொரு பெண் சொல்லியிருக்கிறாள். அம்மா காய்ச்சலில் இறந்ததாகத்தான் இவளிடம் சொல்லி வளர்த்திருந்தார்கள். மூன்று வயதில் பார்த்தது எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை.

நான் காயத்தைக் கழுவப் போனேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். முதலில் சொல்லுங்கள், எங்கம்மா எப்படிச் செத்தார்கள் என்றாள். அக்கா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள், சொல்ல வேண்டாம் என்று. நான் ஆயாவைப் பார்த்தேன். ஆயா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நீங்கோதான் சொல்லணும் டாக்டரம்மா. நீங்கோதான் இவங்கம்மாக்கு டாக்டரு."

நான் அவள் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அவள் அப்பா பெயரைச் சொன்னேன், பாட்டி கதவைப் பிடித்ததைச் சொன்னேன், நான் அவள் அம்மாவிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். முடிப்பதற்குள் அவள் என் மேல் பாய்ந்துவிட்டாள். கிழிந்த கையாலும் நல்ல கையாலும் முகத்தில், தோளில், மார்பில் மாறி மாறிக் குத்தினாள். என் வெள்ளைக் கோட்டெல்லாம் அவள் ரத்தம். ஓடிவந்து பிடித்து இழுக்கப் பார்த்த அக்காவை ஆயா தடுத்து நிறுத்திக்கொண்டார். நான் கையைத் தூக்கவில்லை. அவள் ஓயும்வரை ஆயாவும் அசையவில்லை.

கடைசியில் அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். எங்கம்மா எனக்காக ஏதாவது சொன்னாங்களா என்று கேட்டாள். மேஜிஸ்திரேட்டிடம் சொன்னது மட்டும்தான் எனக்குத் தெரியும். கடைசிவரை கூட இருந்தது ஆயாதான். ஆயா அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"உனுக்குன்னு தனியா ஒண்ணியும் சொல்லல கண்ணு. கடைசில தண்ணி கேட்டாங்கோ. அப்பால, கொயந்தய அக்காகிட்ட வுட்டுடுங்கோன்னாங்கோ. அதையே நாலு வாட்டி சொன்னாங்கோ. அவ்ளோதான்."

"நாலு வாட்டியா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

ஆமாம் என்றார் ஆயா.